வேலூரில் வாடகைக்கு விட முதல் வீடு வாங்குகிறவர்களுக்கு

கையில் கொஞ்சம் சேமிப்பு, மீதிக்கு வங்கிக் கடன், இருபதிலிருந்து நாற்பது லட்சத்துக்குள் ஒரு சின்ன வீடு, மாதாமாதம் வாடகை. இந்தக் கணக்கோடு வேலூர், காட்பாடிப் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்காக எழுதுகிறேன். சத்துவாச்சாரியில் இரண்டு போர்ஷன் கொண்ட பழைய வீடு ஒன்றை வாங்கி, எல்லாவற்றையும் என் பெயருக்கு மாற்றி, ஆள் குடிவைத்து முடிப்பதற்குள் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. தரகர் தனக்குத் தெரிந்ததைச் சொல்வார். பத்திரம் எழுதுபவர் பத்திரம் வரைக்கும் சொல்வார். வங்கிக்காரர் கடன் வரைக்கும் சொல்வார். முழுசாகச் சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை விசாரிக்கிற அளவுக்கு, அதில் இப்போது யார், எந்த ஏற்பாட்டில் குடியிருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். ஏன் என்று நான்காவது படியில் விளக்கமாகச் சொல்கிறேன்.

1. யாருக்கு விடப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

வேலூரில் வாடகைக்கு வருகிறவர்கள் மூன்று வகை. சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் உடன் வருகிறவர்களும்; காட்பாடியில் விஐடி மாணவர்கள்; அப்புறம் மருத்துவமனை, கல்லூரி, ஆட்சியர் அலுவலகம், கடைகள் என்று இங்கேயே வேலை பார்க்கும் குடும்பங்கள்.

தரகர்கள் முதல் வகையைக் காட்டித்தான் ஆசை மூட்டுவார்கள். "தோட்டப்பாளையத்துல ஒரு ரூம் போட்டா போதும், தினம் காசு" என்பார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருவது உண்மைதான். ஆனால் நாள் வாடகைக்கு விடுவது லாட்ஜ் தொழில். அதற்கு உரிமம் வேண்டும், மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்தில் இருக்கக் கூடாது, வருகிற ஒவ்வொருவருக்கும் அடையாளச் சான்று வாங்கிப் பதிவேடு வைக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையம் வழியாக அரசுக்குத் தகவல் கொடுத்தாக வேண்டும். வேறு வேலைக்குப் போய்க்கொண்டு இதைப் பகுதி நேரமாகச் செய்ய முடியாது. மாணவிகள் விடுதி நடத்துவதென்றாலும் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும்.

முதல் முறை வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்றாவது வகை. சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர், கழிஞ்சூர், பாகாயம், தொரப்பாடி போன்ற இடங்களில் குடும்பத்துக்கு விடும் வீடு. வாடகை கொஞ்சம் குறைவு. ஆனால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிற குடும்பம் எளிதில் காலி செய்யாது.

2. கணக்கைத் தாளில் போடுங்கள்

"வாடகையிலேயே தவணையைக் கட்டிடலாம் சார்" என்று யாராவது சொன்னால், அவர் முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

வீட்டு விலை 30 லட்சம். தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அதுவே 2,70,000 ரூபாய். தரகு, வழக்கறிஞர், பத்திரம் எழுதும் கூலி, வங்கியின் கட்டணங்கள், வெள்ளையடித்து மராமத்து பார்ப்பது எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 34 லட்சத்தைத் தாண்டும்.

இரண்டு போர்ஷன், தலா 6,500 ரூபாய் வாடகை என்றால் வருடத்துக்கு 1,56,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்ததாக 13,000 கழியுங்கள். சொத்து வரி, தண்ணீர் வரி, மோட்டார் ரிப்பேர், குழாய், பெயின்ட் என்று இன்னொரு 26,000. மிச்சம் 1,17,000. போட்ட பணத்துக்கு மூன்றரை சதவீதம்கூட வரவில்லை. வங்கியில் வைப்பு வைத்தால் இதைவிட அதிகம் வரும்.

தவணைப் பக்கம் பாருங்கள். 20 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதம் சுமார் 17,350. வாடகை 13,000. மீதியை உங்கள் சம்பளத்திலிருந்துதான் கட்ட வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால், மண்ணின் விலை ஏறும் என்ற நம்பிக்கையும் இருந்தால் வாங்குங்கள். வீடே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இன்னொன்று: முத்திரைத் தீர்வையை வங்கிக் கடனில் அடக்க முடியும் என்று எண்ணாதீர்கள். அது உங்கள் கைக்காசு.

3. வீட்டை இரண்டு பருவத்தில் பாருங்கள்

முடிந்தால் சித்திரை, வைகாசியில் ஒரு முறை, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு முறை. இரண்டையும் பார்க்க நேரமில்லை என்றால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

கோடையில் பார்க்க வேண்டியது தண்ணீர். போர் எத்தனை அடி, மே மாதத்தில் எவ்வளவு நேரம் ஓடுகிறது, மாநகராட்சித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை வருகிறது என்று எதிர்வீட்டில் கேளுங்கள். விற்கிறவரைக் கேட்டுப் பயனில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் மாடிப் போர்ஷனுக்குள் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். வேலூர் வெயிலில் கூரைக்குத் தட்டு ஓடு பதிக்காத மாடி வீட்டில் எந்தக் குடும்பமும் இரண்டாவது கோடைவரை இருக்காது.

மழையில் பார்க்க வேண்டியது வாசற்படி. பாதாளச் சாக்கடை வேலைக்கும் சாலை வேலைக்கும் பிறகு பல தெருக்களில் ரோடு மேலே ஏறிவிட்டது, பழைய வீடுகளின் தரை கீழே போய்விட்டது. கேட்டில் நின்று ரோட்டையும் உள் தரையையும் பார்த்தாலே தெரியும். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குப் புதுப் பெயின்ட் மட்டும் தனியாகத் தெரிந்தால், அங்கே ஓதம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். நிக்கல்சன் கால்வாயை ஒட்டிய தாழ்வான பகுதிகளில் இன்னும் கவனம் வேண்டும்.

மீட்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி இணைப்பு இருக்கிறதா, இல்லை ஒரே இணைப்பில் சப்-மீட்டர் போட்டு ஓட்டுகிறார்களா? இது சின்ன விஷயம் இல்லை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் யூனிட் கூடக் கூடக் கட்டணம் ஏறும். மூன்று குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் 500 யூனிட்டைச் சாதாரணமாகத் தாண்டும், பில் எகிறும், யார் எவ்வளவு கட்டுவது என்று மாதாமாதம் சண்டை.

4. குடியிருப்பவரிடம் தனியாகப் பேசுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். தரகர் வீட்டைக் காட்டும்போது குடியிருப்பவர் கதவோரம் நிற்பார், எதுவும் பேசமாட்டார். இன்னொரு நாள் நீங்கள் மட்டும் போங்கள்.

நான் பார்த்த ஒரு வீட்டில், கீழ்ப் போர்ஷனுக்கு மாதம் 7,000 வாடகை வருகிறது என்று சொல்லியிருந்தார்கள். மறுநாள் அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"அட்வான்ஸ் எவ்வளவும்மா கொடுத்திருக்கீங்க?"

"அட்வான்ஸா? நாங்க போகியத்துக்கு இருக்கோம் தம்பி. நாலு லட்சம் கொடுத்திருக்கோம். இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

போகியம் என்றால் வாடகையே கிடையாது. மொத்தப் பணத்தை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள். காலி செய்யும்போது முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நம் பக்கம் இது வெகு சாதாரணம். பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து போட்டதோடு சரி, பதிவு செய்வதில்லை. அதனால் சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் வராது. விற்றவர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். போகியத்துக்கு இருப்பவர் உங்களைத்தான் கேட்பார். அவர் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அது அவருடைய சேமிப்பு.

எனவே ஒவ்வொரு போர்ஷனிலும் கேட்க வேண்டியவை: வாடகையா, போகியமா? கொடுத்த தொகை எவ்வளவு, ரசீதோ ஒப்பந்தமோ இருக்கிறதா? எப்போது வரைக்கும்? வாடகை பாக்கி, மின் கட்டண பாக்கி உண்டா? வீடு விற்பனைக்கு வந்திருப்பது அவருக்குத் தெரியுமா?

பதில் கிடைத்ததும் இரண்டு வழி. காலி செய்து சாவியைக் கையில் கொடுத்தால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். அல்லது குடியிருப்பவரோடு வாங்குவதானால், அட்வான்ஸ் அல்லது போகியத் தொகையை விலையில் கழித்துக்கொண்டு, மூன்று பேரும் கையெழுத்திட்ட கடிதம் ஒன்று வாங்குங்கள். தொகை, தேதி, இனி பொறுப்பு யாருடையது என்பது அதில் இருக்க வேண்டும். "நான் பார்த்துக்கறேன், நீங்க கிரயம் பண்ணுங்க" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள்.

5. ஆவணங்களைப் படியுங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றின் நகல்களை வாங்கி, உங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞரிடம் கொடுத்துக் கருத்து வாங்குங்கள். தரகர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம். வங்கி வழக்கறிஞர் பார்ப்பார் என்று விட்டுவிடவும் வேண்டாம். அவர் வங்கியின் பணத்துக்குத்தான் பொறுப்பு.

தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), இடையில் கைமாறிய பத்திரங்கள், இப்போதைய உரிமையாளரின் கிரயப் பத்திரம்: சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அசலைக் கண்ணால் பாருங்கள். "லாக்கர்ல இருக்கு" என்று நாள் கடத்தினால், அது எங்கோ கடனுக்காக வைக்கப்பட்டிருக்கலாம். தனியாரிடம் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைமாற்று வில்லங்கத்தில் தெரியாது.

வில்லங்கச் சான்றிதழ்: பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், பல அலுவலகங்களுக்கு 1975-லிருந்து கிடைக்கிறது. குறைந்தது முப்பது வருடத்துக்குப் பாருங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நிலத்தைப் பிரித்தபோது கொடுத்த புது உட்பிரிவு எண்ணை மட்டும் போட்டுத் தேடினால், உட்பிரிவு ஆவதற்கு முன் நடந்த பதிவுகள் வராது. பழைய சர்வே எண்ணையும் போட்டுத் தேட வேண்டும். நகரத்துக்குள் என்றால் வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று வேறு கணக்கு. பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

பழைய பத்திரங்களில் வட ஆற்காடு மாவட்டம், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றெல்லாம் இருக்கும். அதைப் பார்த்து பயப்பட வேண்டாம். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததால், ஆற்காடு, வாலாஜா பக்கச் சொத்துக்குப் பட்டா தேடும்போது ராணிப்பேட்டை மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிய கிரயப் பத்திரத்தில் இப்போதைய மாவட்டம், வட்டத்தின் பெயர் சரியாக வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பட்டா: விற்பவர் பெயரில் இருக்கிறதா, அப்பா, தாத்தா பெயரிலேயே நிற்கிறதா? பரப்பளவு பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா? கோயில் நிலம், வக்ஃபு நிலம், ஏரி, கால்வாய்ப் புறம்போக்கு என்று ஏதேனும் பதிவு இருக்கிறதா? சந்தேகம் என்றால் அரசு சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

வாரிசுகள்: பரம்பரைச் சொத்தென்றால் வாரிசுச் சான்றிதழில் உள்ள எல்லோரும் கையெழுத்திட வேண்டும். "அக்கா தங்கச்சிக்கெல்லாம் சீர் செஞ்சாச்சு, அவங்க கேக்கமாட்டாங்க" என்பது சட்டத்தில் நிற்காது. பெண்களுக்குப் பங்கு உண்டு. இஸ்லாமியக் குடும்பச் சொத்திலும் மகள்கள், மனைவி, தாய் எல்லோருக்கும் பங்கு இருக்கிறது. பங்கை விட்டுக்கொடுத்ததாக எழுதும் விடுதலைப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும், அல்லது அவர்கள் நேரில் வந்து கிரயத்தில் கையெழுத்திட வேண்டும்.

உரிமையாளர் இன்னொருவருக்கு விற்கும் அதிகாரம் கொடுத்த பவர் பத்திரம் மூலம் விற்கிறார்கள் என்றால், எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கான சான்று வேண்டும். அவரிடமே வீடியோ அழைப்பில் பேசிவிடுங்கள். விற்பவர் வளைகுடா நாட்டிலோ வேறெங்கோ குடியிருப்பவர் என்றால், விலை எவ்வளவாக இருந்தாலும் வரி பிடித்துச் செலுத்தும் பொறுப்பு உங்களுடையது. ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். உள்ளூர்க்காரர் என்றால் 50 லட்சம் முதல்தான் வரி பிடிக்க வேண்டும், அதுவும் ஒரு சதவீதம்.

கட்டட அனுமதி: வரைபடத்தில் தரைத்தளம் மட்டும் இருக்கும், நேரில் இரண்டு மாடி இருக்கும். அனுமதியில்லாத மாடியை வங்கி மதிப்பில் சேர்க்காது. விலை பேசும்போது நீங்களும் சேர்க்காதீர்கள். பிரம்மபுரம், சேவூர்ப் பக்கம் மனைப்பிரிவில் கட்டிய வீடு என்றால், அங்கீகாரம் பெற்ற மனையா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானதா, பிறகு அரசிடம் ஒப்புதல் வாங்கி வரன்முறை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

பழைய தெருக்களில் பொது நடை, பொதுக் கிணறு இருக்கும். நான்கெல்லை விவரத்தில் வழிப் பாத்தியம் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அப்பார்ட்மெண்டுக்கு, எல்லோருக்கும் பொதுவான நிலத்தில் உங்களுக்குச் சேரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்பதே முக்கியம்.

6. முன்பணமும் ஒப்பந்தமும்

வழக்கறிஞர் கருத்து வரும்வரை டோக்கன் அட்வான்ஸ் என்று பத்தாயிரம்கூடக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி. "வேற பார்ட்டி ரெடியா இருக்கு" என்பது எல்லா வீட்டுக்கும் சொல்லப்படுவதுதான்.

கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். பொதுவாக மூன்று மாதக் கெடு போடுவார்கள். கடன் வாங்குகிறவர்கள் அதைவிடக் குறைவாக ஒத்துக்கொள்ளக் கூடாது. கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும், காலி செய்து தருவது யார் பொறுப்பு, வரி பாக்கியும் மின் பாக்கியும் யார் கட்டுவது: இந்த மூன்றும் எழுத்தில் இருக்கட்டும்.

பணம் முழுவதும் வங்கி வழியாகவே போக வேண்டும். வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். "பாதி வெள்ளை, பாதி கறுப்பு" என்று பேசுகிறவரிடம் வாங்கினால், பின்னால் ஏதாவது தகராறு வந்தால் கறுப்பில் கொடுத்த பாதிக்கு உங்களிடம் ஆதாரமே இருக்காது.

7. பதிவு நாள்

சொத்து எந்தச் சார்பதிவாளர் அலுவலக எல்லையில் வருகிறதோ அங்கே இணையம் வழியாக டோக்கன் போட வேண்டும். முகூர்த்த நாளில் கூட்டம் நெரியும். ஆடியில் யாரும் வரமாட்டார்கள். உங்களுக்கு ஆட்சேபம் இல்லையென்றால் ஆடியில் விலையும் பேசலாம், வேலையும் சீக்கிரம் முடியும்.

தீர்வை கணக்கிடுவது அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்கு. 10 லட்சத்துக்குள் மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு.

பத்திர வரைவை முந்தின நாளே வாங்கி, பெயரெழுத்து, ஆதார் எண், சர்வே எண், அளவு, நான்கெல்லை எல்லாவற்றையும் நீங்களே வாசித்துப் பாருங்கள். ஒரு எழுத்துப் பிழைக்குப் பிழைத்திருத்தல் பத்திரம் போட விற்றவரை மறுபடியும் தேடிப் போக வேண்டியிருக்கும். ஆதார், பான், இரண்டு சாட்சிகள், அவர்களின் அடையாள அட்டைகள் தயாராக இருக்கட்டும். கட்டடம் இருந்தால் கள ஆய்வு முடிந்து பத்திரம் கைக்கு வரச் சில நாள் ஆகலாம்.

சாவி, அசல் பத்திரங்கள், கடைசி வரி ரசீது, மின் இணைப்பு அட்டை: கடைசித் தவணைப் பணம் போகும் அதே நேரத்தில் இவை உங்கள் கைக்கு வர வேண்டும்.

8. பெயர் மாற்றங்கள்

பதிவு முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று ஓய்ந்துவிடாதீர்கள். பட்டா, சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின் இணைப்பு, நான்கும் தனித்தனி வேலை.

விற்றவர் பெயரில் பட்டா இருந்து, உட்பிரிவு தேவைப்படாவிட்டால் சீக்கிரம் மாறிவிடும். உட்பிரிவு என்றால் சர்வேயர் அளக்க வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். என் மனு காரணம் சொல்லாமலே ஒரு முறை தள்ளுபடி ஆனது. விசாரித்தால், விற்றவரின் இன்ஷியல் பட்டாவில் ஒன்று, பத்திரத்தில் ஒன்று. அதற்கு ஒரே ஆள்தான் என்ற சான்று வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் அலைய வேண்டியிருந்தது. கிரயத்துக்கு முன்பே இதைப் பார்த்து, விற்பவர் செலவிலேயே சரி செய்யச் சொல்லுங்கள்.

மனு எண்ணையும் ஒப்புகைச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். மின் இணைப்பை மாற்றும்போதே தனி இணைப்புக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

9. குடிவைப்பது

தமிழ்நாட்டில் நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளுக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், இணையம் வழியாக வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். "பதினோரு மாசத்துக்குப் போட்டா பதிவு வேணாம்" என்பது இங்கே செல்லாது. பதிவில்லாவிட்டால் நாளைக்கு வாடகை பாக்கி, காலி செய்வது என்று வழக்குப் போக நேர்ந்தால் உங்கள் பக்கம்தான் பலவீனமாகும்.

அட்வான்ஸ், வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதபட்சத்தில், மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. பத்து மாதம் கேட்கும் பழைய வழக்கத்தை நான் பின்பற்றவில்லை. அந்தப் பணம் செலவாகிவிட்டால், காலி செய்யும் நாளில் அவசரமாகத் திரட்ட வேண்டியிருக்கும். எவ்வளவு வாங்கினாலும் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

குடிவரும் அன்று மின் மீட்டர் அளவைப் போட்டோ எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். சுவர், குழாய், மின்விசிறி எல்லாவற்றுக்கும் அப்படியே. வாடகை தராதவர் என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தாதீர்கள். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. மதத்தையும் சாதியையும் கேட்டு ஆளைத் திருப்பி அனுப்பாதீர்கள். வேலை, சம்பளம், முந்தைய வீட்டுக்காரர் சொல்வது, இவை போதும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிவு உண்டு. அந்த ரசீதுகளை வாடகைக் கணக்கோடு சேர்த்து வையுங்கள். வருமான வரியில் வாடகையிலிருந்து கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் பராமரிப்புக்கென்று தள்ளுபடி கிடைக்கும். கடன் வட்டியை எவ்வளவு கழிக்கலாம் என்பது, நீங்கள் தேர்ந்தெடுக்கும் வருமான வரி முறை பழையதா, புதியதா என்பதைப் பொறுத்து மாறும். ஜூலை நெருக்கடிக்குக் காத்திருக்காமல் சித்திரையிலேயே ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.